விளக்கடியில் கறுக்கும் கை

அத்தியாயம் ஐந்து

அண்ணிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கையில் கிடைத்த காகிதத்தைக் கிழிப்பார். அன்று காலை அவர் கிழித்த முதல் காகிதம் என் டிரைவிங் லைசென்ஸின் ஜெராக்ஸ்.

"அண்ணி, அது என்னோடது."

"ஒரிஜினல் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்போ வாயை மூடு."

எங்கள் குடும்பத்தில் வேலைப் பங்கீடு சுலபம். என் அண்ணன் சமைப்பார். அண்ணி துப்பறிவார். நான் வேன் ஓட்டுவேன், தேவையான இடத்தில் வாயாடுவேன், தேவையில்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் வாயாடுவேன். அண்ணி பன்னிரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். ஊரார் பொய்களையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி எழுதி அலுத்துப்போய் வெளியே வந்துவிட்டார். இப்போது தையல் கடைக்கு மேலே ஓர் அறை, மேஜைக்குப் பின்னால் அண்ணி, முன்னால் இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, அதில் நான்.

அன்றைக்கு நாற்காலிகளில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பழைய சாமான் கடையில் பிரிக்கிற வேலை. இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி, காகிதம் தனி. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. அவரை நான் முதல் நிமிஷத்திலேயே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர், ஏதோ ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். இஸ்திரி போட்ட சட்டை. கோபம் அக்காவைவிட அவருக்குத்தான் அதிகம் மாதிரி இருந்தது.

"விடக்கூடாது மேடம்! ஏழைன்னா என்ன வேணாலும் பண்ணிடுவாங்களா? அவன் மூஞ்சியை இந்தப் பேப்பர்லதான் மொத தடவை பார்க்கறேன். நேர்ல பார்த்தேன்னா..."

"பார்த்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் அண்ணி.

அவர் மேஜையில் கிடந்த விளம்பரத் தாளைக் கையால் தட்டினார், அவ்வளவுதான்.

வழவழப்பான தாள். பெரிய கேலரி ஒன்றில் படக் கண்காட்சி. தாடி வைத்த ஒருவன் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறான். எல்லோரும் அவனை மாஸ்டர் என்று கூப்பிடுவார்களாம். 'கேமராவைத் துறந்த கலைஞன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே பன்னிரண்டு படங்களில் ஒன்று. கருஞ்சிவப்பும் பழுப்புமான பின்னணியில் வெளிறிய ஒரு சின்னக் கை. தலைப்பு: 'குழந்தைமை – 7'.

"கேமரா இல்லாம போட்டோவா?" என்றேன். "எங்க அண்ணன் கல்யாணத்துல ஒருத்தன் ரெண்டு கேமரா வெச்சுக்கிட்டே ஒண்ணும் எடுக்கலையேக்கா."

அக்கா சிரிக்கவில்லை. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"எட்டு வருஷம் முன்னாடி ஒரு ஸ்டுடியோவைக் காலி பண்ணாங்க," என்றார். "ஆறு பெட்டி போட்டோ பேப்பர், தேதி முடிஞ்சது, எடைக்கு வந்துச்சு. ஒரு தாள் வெளியே விழுந்து கெடந்துச்சு. தெரியாம அது மேல ஸ்பேனரை வெச்சுட்டேன். மத்தியானம் எடுத்தா தாள் முழுக்க வெயில்ல கறுத்துப் போயிருக்கு. ஸ்பேனர் இருந்த எடம் மட்டும் வெளேர்னு அப்படியே ஸ்பேனர் மாதிரி. அன்னிக்கு எனக்கு வேலையே ஓடலை."

அதற்கப்புறம் கடைக்கு வந்த எதையும் அவர் விடவில்லை. பல் உடைந்த சீப்பு, ஒற்றைக் கண்ணாடி போன மூக்குக்கண்ணாடி, மாத்திரை தீர்ந்த அட்டை, கொசுவலைக் கிழிசல், பியூஸ் போன பல்பு. தாளின் மேல் பரப்புவார், வெயிலில் வைப்பார், நேரத்தை மாற்றிப் பார்ப்பார். ஈரத் தாளில் வைத்தால் ஒரு நிறம், காய்ந்த தாளில் வேறு நிறம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க யாருக்கும் தெரியாது.

"போலீசுக்குப் போனீங்களா?"

"போனோம். 'உன் பேரு அதுல எழுதியிருக்கா'ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். 'பழைய பேப்பர்காரிக்கு ஆர்ட் கேக்குதா'ன்னு சிரிச்சாங்க."

அண்ணி இரண்டாவது காகிதத்தைக் கிழித்தார். கரண்ட் பில் என்று நினைக்கிறேன்.

"படம் உங்களோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"இந்த விளம்பரத் தாள் அச்சுல கோணிப் போச்சுன்னு ஒரு கட்டு எங்க கடைக்கு எடைக்கு வந்துச்சுங்க. பிரிச்சேன். மேல என் பொண்ணு கை."

அறையில் தையல் மெஷின் சத்தம் மட்டும் கீழேயிருந்து கேட்டது.

"அப்போ அவளுக்கு ஆறு வயசு. வெயில்ல பத்து நிமிஷம் கையை அசைக்காம வெச்சிருந்தா. கட்டை விரல்ல எறும்பு ஏறிச்சுன்னு லேசா தூக்கிட்டா. பாருங்க, கட்டை விரல் மட்டும் மங்கலா இருக்கும். அடுத்த வருஷம் காய்ச்சல்ல போயிட்டா."

"அதெல்லாம் இப்போ எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். "மேடம் கேசைப் பார்க்கட்டும்."

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் பேரு வேணாங்க. மத்த பதினொண்ணும்கூட வேணாம். அந்தக் கை வேணும். சீக்கிரம் வேணும். அந்தப் பேப்பர் அடங்காதுங்க. வெளிச்சம் பட்டா கறுத்துக்கிட்டேதான் போகும். அதனாலதான் கறுப்புக் கவர்ல போட்டு பீரோவுல வெச்சிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, அவ பொறந்த நாளுக்கு, சிவப்பு பல்பைப் போட்டு ஒரு நிமிஷம் பார்ப்பேன். சிவப்பு வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது. இவனுங்க லைட்டைப் போட்டுத் தொங்கவிட்டு இன்னியோட ஒம்பது நாள் ஆச்சு."

தாளின் அடியில் பார்த்தேன். கண்காட்சி இன்றோடு முடிகிறது. மறுநாள் காலை பன்னிரண்டு படங்களும் வெளிநாட்டுக்குப் பார்சல்.

அண்ணி எழுந்துவிட்டார். "முதல்ல உங்க வீடு. அப்புறம் கேலரி."

"எனக்கு டியூட்டி இருக்கு மேடம்," என்றார் வீட்டுக்காரர்.

"லீவு போடுங்க சார். உங்க கோபம் எனக்கு வேணும்."

*

வீடு ஒன்றரை அறை. அந்த அரை அறையில்தான் பீரோ. ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கூரையில் இரண்டு பல்பு: ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

அண்ணி கதவைச் சாத்தச் சொன்னார். அக்கா சிவப்பு பல்பைப் போட்டார். நான் வழக்கம்போல் பீரோவில் முட்டிக்கொண்டேன்.

கனமான கறுப்புக் கவர். வாய் இரண்டு மடிப்பு மடிக்கப்பட்டு, மேலே ரப்பர் பேண்டு. அக்கா திறந்தார். மிச்சம் இருந்த இருபத்தெட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மூக்குக்கண்ணாடிப் படத்தைப் பார்த்தபோது, யாரோ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு என்னைப் பார்த்து முறைப்பது போலிருந்தது.

"திருடு போனப்புறம் நீங்க தொறந்தப்ப, கவர் எப்படி இருந்துச்சு?"

"இப்படியே. ரெண்டு மடிப்பு, ரப்பர் பேண்டு."

"மீதி இருக்கறதுல ஒண்ணாவது கறுத்துப் போயிருக்கா?"

"இல்லீங்க. ஒண்ணுகூட இல்ல."

"ம்," என்றார் அண்ணி.

அண்ணியிடம் மூன்று வகை 'ம்' உண்டு. சாப்பாட்டுக்கு ஒன்று, என் ஜோக்குக்கு ஒன்று, ஆள் அகப்பட்டுவிட்டதற்கு ஒன்று. இது மூன்றாவது. யார் அகப்பட்டார்கள் என்று எனக்குத்தான் புரியவில்லை.

"வெள்ளை லைட்டை யாராவது தப்பித் தவறிப் போட்டா?"

"கொன்னுடுவேன்," என்றார் அக்கா. "வீட்டுல எல்லாருக்கும் தெரியும். கவரைத் தொட்டா சிவப்பு பல்புதான். பையன் பன்னெண்டு வயசுலேர்ந்து அப்படித்தான் பழகியிருக்கான்."

"பையன் எங்கே?"

"வெளியூர் ஹாஸ்டல்ல. ஆறு மாசமா வீட்டுக்கே வரலை. படிப்பு இந்த மாசம் முடியுது. வேலை கெடைக்குமான்னுதான் இவருக்கு ராத்திரி பகலாக் கவலை."

நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணி, சுலபமான வழி ஒண்ணு. இந்தப் படமெல்லாம் பொருளோட நிஜ அளவுதானே? அந்த உடைஞ்ச சீப்பைக் கொண்டுபோய் அவன் படத்து மேல வெச்சா, பல்லுக்குப் பல்லு சரியா உக்காரும். கேஸ் முடிஞ்சுது."

"நல்ல யோசனை. சீப்பு எங்கேம்மா?"

"எடை போட்டுக் குடுத்தாச்சுங்க."

"மூக்குக்கண்ணாடி?"

"எல்லாமே குடுத்தாச்சு. கடைச் சாமான்தானே. எனக்கு எதுக்கு?"

"கை?" என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளையாக அண்ணி என் காலை மிதித்துவிட்டார்.

வேனில் ஏறியதும் அண்ணி பார்க்கிங் சீட்டைக் கிழித்தார். கிழித்துக்கொண்டே விளம்பரத் தாளில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பின்னால் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

*

கேலரி இரண்டாவது மாடி. வெள்ளைச் சுவர், வழுக்குகிற தரை, ஒவ்வொரு படத்துக்கும் தலைக்கு மேலே ஒரு விளக்கு. ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் கறுப்புத் திரை. பத்துப் பன்னிரண்டு பேர் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நேராக ஏழாவது படத்துக்குப் போனார். அண்ணியும் நானும் பின்னால் போனோம்.

கை இன்னும் இருந்தது. ஆனால் விளம்பரத் தாளில் பார்த்த கை இல்லை. வெளிறிய உள்ளங்கை இப்போது பழுப்பேறியிருந்தது. சுண்டு விரல் பின்னணியோடு கலந்து காணாமல் போய்விட்டது. மங்கலாக இருந்த கட்டை விரல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தலைக்கு மேல் அந்த விளக்கு சுகமாக எரிந்துகொண்டிருந்தது.

அக்கா அழவில்லை. இரண்டு கையையும் தூக்கி விளக்குக்கும் படத்துக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றார்.

"தொடாதீங்க, ப்ளீஸ்," என்று ஒரு குரல். கேலரி மேனேஜர். கண்ணாடி போட்ட அம்மாள், கையில் நோட்டுப் புத்தகம். "யார் நீங்க?"

அண்ணி சொன்னார். மேனேஜர் கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, விதிமுறைக்காரர். "ஆதாரம் இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா நாளைக்குக் காலையில பார்சல் போயிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அப்போதுதான் மாஸ்டர் வந்தான். அவனுக்கு 'ர்' போட எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும். உள்ளே நுழைந்தவன், வாசலை ஒட்டி நின்ற அக்கா வீட்டுக்காரரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், தோள்பையைக் கழற்றி அவரிடம் நீட்டினான். அவரும் வாங்கிக்கொண்டார்.

"பாருங்க அண்ணி," என்றேன் மெதுவாக. "அவனை உதைக்க வந்தவர் அவன் பையைத் தூக்கிக்கிட்டு நிக்கறார்."

"பார்த்தேன்."

மேனேஜர் விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் சிரித்தான். வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். "ஒவ்வொரு கண்காட்சியிலேயும் ஒருத்தர் வருவாங்க. என்னம்மா, உன் படமா? எந்த காலேஜ்ல படிச்சே?"

"பழைய சாமான் கடையில," என்றார் அக்கா.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளின் தொப்பியை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். அண்ணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் அண்ணி, ரொம்பப் பணிவாக. அண்ணி பணிந்தால் எதிராளி ஓடிவிடுவது நல்லது. "நான் ரசிகை. ஒரு சந்தேகம். இதையெல்லாம் நீங்களே செஞ்சீங்களா?"

"என் இந்தக் கையால."

"பொருளெல்லாம்?"

"தெருவில் பொறுக்கினேன். தூக்கியெறியப்பட்டதில்தான் உண்மை இருக்கு."

"ஆஹா. வெயில்ல வெச்சு எடுத்தீங்களா?"

"வெயில்தான் என் கேமரா."

"அப்புறம்? வெயில்ல உண்டானது வெயில்லயே கறுத்துப் போகாதா?"

மாஸ்டர் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "அதுக்குத்தான் ஹைப்போன்னு ஒரு மருந்து இருக்கு. அதுல பத்து நிமிஷம் ஊறவெச்சு, தண்ணியில கழுவணும். அப்புறம் சூரியனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. பன்னிரண்டையும் நானே கழுவினேன். நூறு வருஷம் அப்படியே நிக்கும். விளம்பரத் தாள்லயே எழுதியிருக்கே, படிக்கலையா?"

"நாலு தடவை படிச்சேன்," என்றார் அண்ணி. குரலில் இருந்த பணிவு போய்விட்டது. "மேனேஜர் மேடம், வாங்கறவங்களுக்கும் நூறு வருஷம்னுதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"ஆமாம். கேலரி கையெழுத்துப் போட்டிருக்கு."

"அப்போ ஒரு படத்தை ஜன்னல் வெயில்ல பத்தே நிமிஷம் வைக்கலாமா? நூறு வருஷம் நிக்கறது பத்து நிமிஷம் நிக்காதா?"

மேனேஜர் மாஸ்டரைப் பார்த்தார். அத்தனை பேரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்குக் கரையில் நிற்கும் கூட்டம்தான் எமன்.

"எதை வேணாலும் எடுத்து வைங்க!" என்றான் கையை வீசி.

"எதை வைக்கலாம்?" என்று அண்ணி கேட்டது மாஸ்டரை இல்லை, அக்காவை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிரூபிக்க வேண்டுமென்றால் ஒரு படம் சாக வேண்டும். திருடியவனுக்கு நஷ்டமில்லை. பறிகொடுத்தவர்தான் இன்னொரு தடவை பறிகொடுக்க வேண்டும். உலகத்தில் நியாயம் எப்போதும் இப்படித்தான் கேட்கிறது. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா சுவரோரமாக நடந்தார். சீப்புக்கு முன்னால் நின்றார். கொசுவலைக்கு முன்னால் நின்றார். கடைசியில் ஒரு ஸ்பேனர் படத்துக்கு முன்னால் நின்று, கண்ணாடியை ஒரு விரலால் தொட்டார்.

"இது மொதமொதல்ல வந்தது. எடுங்க."

மேனேஜர் சட்டத்தைப் பிரித்தார். அண்ணி கறுப்புத் திரையை ஒரே இழுப்பில் விலக்கினார். மத்தியான வெயில் தரையில் வந்து விழுந்தது. படத்தை வெயிலில் வைத்துவிட்டு அண்ணி கையை நீட்டினார்.

"சார், உங்க விசிட்டிங் கார்டு ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"ரசிகைன்னு சொன்னேனே."

கொடுத்தான். தங்க எழுத்தில் பெயர் போட்ட கெட்டி அட்டை. அண்ணி அதை ஸ்பேனரின் வெளிறிய வயிற்றுக்கு நடுவில் வைத்தார்.

பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆறு வயதுக் குழந்தை இவ்வளவு நேரம் கையை அசைக்காமல் வைத்திருந்ததா என்று நினைத்துக்கொண்டேன். மாஸ்டர் முதல் மூன்று நிமிஷம் கலையைப் பற்றிப் பேசினான். அடுத்த மூன்று நிமிஷம் கேமரா கம்பெனிகளைத் திட்டினான். ஏழாவது நிமிஷம் ஸ்பேனரின் கைப்பிடி இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியதும் பேச்சு நின்றுபோயிற்று. கூட்டம் ஜன்னலை நெருங்கி வந்தது. வீட்டுக்காரர் மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. பை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அண்ணி கார்டை எடுத்தார்.

ஸ்பேனர் பழுப்பாகிவிட்டது. அதன் நடுவில் மட்டும் பளிச்சென்று ஒரு செவ்வகம், ஓரம் கத்தியால் வெட்டினது போல.

"கேமரா இல்லாம நான் எடுத்த முதல் படம்," என்றார் அண்ணி. "பேரு வைக்கட்டுமா சார்? 'மாஸ்டர் – 1'."

மேனேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். "ஹைப்போல கழுவினேன்னீங்களே?"

"அது... பேப்பர் பழசு... மருந்து சரியில்லாம..."

"மருந்தே இல்லை மேடம்," என்றார் அண்ணி. "இதைச் செஞ்சவங்களுக்கு அப்படி ஒரு மருந்து இருக்கறதே தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் வெளிச்சத்துல காட்டக்கூடாதுங்கறது. தன் கையால செஞ்ச எவனும் இதைக் கொண்டுவந்து விளக்குக்கு அடியில ஒம்பது நாள் மாட்ட மாட்டான். வேகற சோத்துல உப்பு போட்டோமா இல்லையான்னு சமைச்சவனுக்குத் தெரியும். திருடித் தின்னவனுக்குத் தெரியாது."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். சற்றுமுன் சிரித்த அதே தொப்பிக்காரர்தான். மாஸ்டரின் முகம் சிவந்தது, காது சிவந்தது, தாடிக்குள் இருந்த இடமெல்லாம் சிவந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சட்டென்று வாசல் பக்கம் திரும்பி அவன் கத்தினான்.

"யோவ்! கழுவியாச்சான்னு கேட்டேனேய்யா! 'ஆமா சார், ஆமா சார்'னு தலையை ஆட்டினியே!"

வீட்டுக்காரரின் கையிலிருந்து பை கீழே விழுந்தது.

அக்கா அவரைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"இவர் லிஃப்ட் ஓட்டற கட்டடத்துலதான் சாரோட ஸ்டுடியோ, கார்டுலயே விலாசம் இருக்கு," என்றார் அண்ணி. "தினமும் காலையில பையை வாங்கி வாங்கிப் பழக்கம். பார்த்ததே இல்லாத ஆள் நீட்டினா அப்படி வாங்க வராது. ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்மா. உங்க பீரோவைப் பார்த்தப்பவே தெரியும்."

"எப்படி?" என்று கேட்டது நான்தான்.

"வெளியாள் திருடியிருந்தா என்ன பண்ணுவான்? வெள்ளை லைட்டைப் போட்டுக் கவரைத் தொறப்பான். இருபத்தெட்டும் கறுத்துப் போயிருக்கும். ஒண்ணுகூடக் கறுக்கலை. தொறந்தவன் ஒழுங்கா சிவப்பு பல்பைப் போட்டு, பன்னிரண்டை எடுத்து, ரெண்டு மடிப்பு மடிச்சு, ரப்பர் பேண்டைப் போட்டு வெச்சிருக்கான். வீட்டு வழக்கம் தெரிஞ்ச ஆள். ஆனா அந்த வழக்கம் எதுக்குன்னு ஒரு நாளும் கேக்காத ஆள். கேட்டிருந்தா, கழுவியாச்சுன்னு தலையாட்டியிருக்க மாட்டான். பையன் ஆறு மாசமா ஊர்ல இல்லை. மிச்சம் யாரு?"

வேலியே பயிரை மேய்ந்த கதை. காலையில் எங்கள் ஆபீஸில் மேஜையைத் தட்டின கை இப்போது சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது.

"பையனுக்கு வேலை போட்டுத் தரேன்னார்," என்றான் அந்த ஆள். "நம்ம பையனுக்குத்தானே... சும்மா பீரோவுல கெடந்த குப்பைதானேன்னு... நீ இப்படிக் கண்டுபிடிப்பேன்னு நெனைக்கலை."

மாஸ்டர் நழுவப் பார்த்தான். மேனேஜர் நோட்டுப் புத்தகத்தைச் சாத்திவிட்டு அவன் வழியில் போய் நின்றார். "நீங்க என் ஆபீஸ்ல உக்காருங்க. வக்கீல் வரட்டும். பார்சல் போகாது." பிறகு அக்காவிடம் திரும்பி, முதல் தடவையாகக் குரலை இறக்கி, "பன்னிரண்டும் உங்களோடதும்மா. எழுத்துல தரேன். உங்க பேர்லயே..." என்றார்.

"லைட்டை அணைங்க," என்றார் அக்கா.

"என்னம்மா?"

"எல்லா லைட்டையும் அணைங்க. திரையை இழுங்க."

அண்ணி திரையை இழுத்தார். மேனேஜர் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். சீப்பு போயிற்று, கொசுவலை போயிற்று, கடைசியாக அந்தக் கை போயிற்று. கும்மிருட்டு. யாரும் நகரவில்லை.

இருட்டில் அக்காவின் காலடிச் சத்தம். கம்பியிலிருந்து சட்டத்தை எடுக்கிற சத்தம். பின்னட்டையின் ஆணிகளை நகத்தால் நெம்புகிற சத்தம். இரும்பு பிரிக்கிற கை, வெளிச்சம் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த காலிக் கறுப்புக் கவர் சரசரத்தது.

"நான் வேணும்னு அதை எடுக்கலைம்மா," என்றது அந்த ஆளின் குரல். "பன்னிரண்டு வேணும்னார். மேலாப்பல இருந்ததை எடுத்தேன். இருட்டுல எது எதுன்னு..."

"சிவப்பு லைட்டு எரிஞ்சுதுல்ல?"

அவன் பின்வாங்கி ஒரு நாற்காலியில் இடித்துக்கொள்ளும் சத்தம்.

"எரிஞ்சுது."

"பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"அஞ்சு விரலும் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது." அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "யாரோ குழந்தைன்னு நெனச்சேன்."

இரண்டு மடிப்பு மடித்து ரப்பர் பேண்டு போடுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. படிக்கட்டு வெளிச்சத்தில், நெஞ்சோடு எதையோ அணைத்துக்கொண்டு ஓர் உருவம் வெளியே போவது தெரிந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அந்த ஆள் பின்னாலேயே ஓடப் பார்த்தான். யாரோ அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார்கள். அந்தக் கை என்னுடையதுதான் என்று கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

"உக்காருய்யா," என்றேன்.

உட்கார்ந்தான்.

"லைட்டைப் போடட்டுமா?" என்று இருட்டில் மேனேஜர் கேட்டார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றார் அண்ணி. "அவங்க ரோட்டைத் தாண்டட்டும்."